நாற்பத்து மூன்று கிலோ இருநூறு கிராம்

"பாக்கெட்ல இருக்கறதையெல்லாம் எடுத்து வெச்சிட்டு ஏறுங்க சார்" என்றாள் எடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற பெண்.

பூந்தமல்லிப் பக்கம் நான் இப்போது வேலை பார்க்கும் கிடங்கில் போன வாரம் ஆரோக்கிய முகாம். ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பிள்ளைகள் வந்து மேசை போட்டு, எடை மெஷின் வைத்து, ஒரு பேனரும் கட்டியிருந்தார்கள். பேனரில் ஓர் ஆப்பிள், அதன் இடுப்பைச் சுற்றி அளவு நாடா. எங்கள் கிடங்கில் ஆப்பிள் சாப்பிடுகிறவன் ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை. மத்தியானம் பொட்டலச் சோறு, சாயங்காலம் பஜ்ஜி, அவ்வளவுதான்.

பாக்கெட்டைக் காலி செய்யச் சொன்ன அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எடுக்க முடியாதும்மா. ஒன் வேலையப் பாரு" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்ற பையன்கள் திகைத்துப் பார்த்தார்கள். "சூப்பர்வைசருக்கு சுகர் ஏறிடுச்சி மச்சான்" என்று ஒருவன் முணுமுணுத்தது காதில் விழுந்தது. நான் வெளியே போய் ஒரு லாரியின் நிழலில் நின்றுகொண்டேன்.

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் சரியாகத்தான் சொன்னாள். அதே வார்த்தையைப் பத்து வருடத்துக்கு முன்னால், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கேண்டீன் ஹாலில், யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் ஒரு பொம்பளை திருடி என்ற பெயரோடு வீட்டுக்குப் போயிருக்க மாட்டாள். அங்கே அதைச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பெயர், வயது, கணவன் பெயர், மேனாம்பேட்டில் அவள் குடியிருந்த தெரு, எல்லாம். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். அந்த ஒரு தடவை போதும். கம்பெனியில் எல்லோருக்கும் அவள் அக்கா, எனக்கும் அக்காதான்.

அப்போது நான் டிஸ்பாட்ச் கிளார்க். லாரிகளுக்குப் போகிற புஷ் செய்யும் கம்பெனி அது. புஷ் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை, உள்ளங்கையில் அடங்குகிற இரும்பு வளையம். ஒன்று நாற்பது கிராம். அக்கா காண்ட்ராக்ட் ஆள், இன்ஸ்பெக்ஷனில் இருந்தாள். ஒவ்வொரு புஷ்ஷையும் கேஜ் என்ற அளவுக் கருவியில் போட்டுப் பார்த்து, நல்லதை நீலப் பெட்டியிலும் கழிந்ததைச் சிவப்புப் பெட்டியிலும் போடுகிற வேலை. புஷ்ஷை யாரும் எண்ணி அனுப்புவதில்லை. எடை போட்டால் எண்ணிக்கை தெரிந்துவிடும். அதற்காக மெஷின் ஹாலில் என் மேசைக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, ஒரு பெரிய தராசு கிடந்தது.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அக்கா அந்தத் தராசில் ஏறி நிற்பாள். அவள் ஏறினால் இன்ஸ்பெக்ஷன் பெண்கள் எல்லோரும் ஏறவேண்டும். அவர்கள் முடிந்ததும் மெஷின்காரர்கள், அப்புறம் நான். வெட்கப்பட்டு யாராவது நழுவினால் விடமாட்டாள்.

"ஏறு நைனா, இன்னா வெக்கம்? இரும்பத்தான் எட போடணும்னு இன்னா சட்டமா கீது? நாமளும் கம்பெனி சரக்குதான."

ஏறுவதற்கு முன்னால் அவளே எடையைச் சொல்லிவிடுவாள். அதுதான் அவளுடைய வித்தை. மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, "அம்பத்தேழு, நானூறு" என்பாள். தராசில் ஐம்பத்தேழு ஐந்நூறு காட்டும். பதினாலு வருடமாகப் பெட்டி தூக்கித் தூக்கிக் கைக்கு வந்த கணக்கு, அப்படியே கண்ணுக்கு ஏறிவிட்டது என்பாள். சொல்லி முடித்ததும் காரணத்தையும் சொல்லுவாள். "ரெண்டு கிலோ எறங்கிட்ட. மாமியா வந்துகீறாளா?" என்று ஒருத்தியிடம். "ஒன்ற கிலோ ஏறிட்ட. ஓ.டி. பரோட்டா" என்று ஒரு மெஷின்காரனிடம். பெரும்பாலும் சரியாக இருக்கும். எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம், "எழுவத்தொண்ணு. நாலு கிலோ கூடுதல். பொண்டாட்டி நல்லவ" என்றாள். ஹாலே சிரித்தது.

அவளுடைய ரவிக்கைகளில் பக்கவாட்டில் மூன்று வரிசைத் தையல் தடம் இருக்கும். ஒருநாள் டீ நேரத்தில் ஓவர்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவளே கையைத் தூக்கிக் காட்டினாள். வெளியே இருப்பது ஓ.டி. தையல், ஓவர்டைம் பார்த்துத் தேறுகிற மாதங்களுக்கு. நடுவில் இருப்பது சாதாத் தையல். உள்ளே இருப்பது லே-ஆஃப் தையல், வேலையில்லை என்று வீட்டுக்கு அனுப்புகிற மாதங்களுக்கு. ஆர்டர் ஏறினால் உள்தையலைப் பிரிப்பாள், இறங்கினால் பிடிப்பாள். "புது ரவிக்க தெச்சாலும் தையக்காரன்கிட்ட சொல்லிடுவேன், உள்ள துணி நெறைய உடுபா, எங்க கம்பெனிய நம்ப முடியாதுன்னு." அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. மாதாமாதம் ஆபீசில் புரொஜெக்டர் போட்டு ஏறுமுகம் இறங்குமுகம் என்று கோடு காட்டுவார்கள். அந்தக் கோட்டை ஒரு பொம்பளை தன் விலாவில் ஊசியால் போட்டு வைத்திருந்தாள்.

நல்ல காலமும் இருந்தது. ஒரு வருடம் லாரி விற்பனை எகிறியது. மூன்று ஷிப்ட். புதன்கிழமை முட்டை, சனிக்கிழமை கோழி, ஓ.டி. பார்க்கிறவர்களுக்குச் சாயங்காலம் பிரட் ஆம்லெட். அக்கா ஐம்பத்தெட்டைத் தொட்டாள். கன்னம் இரண்டும் பளபளத்தது. தராசின் மேல் நின்றுகொண்டு இடுப்பைத் தட்டி, "பாத்துக்கோங்கடி, கம்பெனி ஆர்டரு பூரா இங்கதான் கீது" என்றாள். அப்போதுதான் பாரிவாக்கத்தில் இருக்கும் அவள் தம்பி ஒரு கிலோ ஆட்டுக்கறியோடு அவளைப் பார்க்க வந்தானாம். இளைத்தவள் வீட்டுக்குச் சொந்தக்காரன் வரமாட்டான், தேறினவள் வீட்டுக்குத்தான் கறியும் வரும் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அந்த வருடக் கடைசியில் அவள் கணிப்பு ஒரே ஒரு தடவை தப்பியது. எங்கள் பிளாண்ட் மேனேஜர் நல்ல கனமான ஆள். மாசத்துக்கு மாசம் அவர் சட்டை தொளதொளவென்று ஆவதை அக்கா கவனித்துவிட்டாள். "பெரியவரு எளைக்கிறாரு. ஆர்டரு போவப்போவுது, சொல்லிட்டேன்" என்றாள். அவ்வளவுதான், ஹாலில் பீதி. ஒருத்தி மகளின் காதுகுத்தைத் தள்ளிப்போட்டாள். இன்னொருத்தன் வண்டி வாங்கப் போனவன் பாதி வழியில் திரும்பிவிட்டான். கடைசியில் பார்த்தால் மேனேஜர் விடியற்காலையில் ஓடுகிறார், காலையில் கம்பங்கூழ் குடிக்கிறார், ராத்திரி சோறே தொடுவதில்லை. டாக்டர் சொன்னதாம். டிரைவர்தான் விஷயத்தை உடைத்தான்.

எல்லோரும் அக்காவைக் கிண்டல் செய்தார்கள். அவளுக்கு மூஞ்சி சிறுத்துவிட்டது. கேஜில் நாலைந்து புஷ்ஷைப் போட்டுப் பார்த்தாள். பிறகு பட்டென்று சொன்னாள். "எனுக்கு இன்னாபா தெரியும்? சோறு கீறப்போ துன்னாம எளைக்கிற மன்ஷன நா எங்க பாத்தேன்? எங்க கூய அவுரு குடிக்கிறாராம், டாக்டருக்கு காசு குட்த்து."

நாலு மாதம் கழித்து ஆர்டர் நிஜமாகவே போனது. லாரி வாங்க ஆளில்லை. கம்பெனி வாரத்துக்கு மூன்று நாள், பிறகு வெள்ளி, சனி இரண்டு நாள் மட்டும் என்று சுருங்கியது. எங்களைப் போன்ற பெர்மனென்ட் ஆட்களுக்கு வீட்டில் உட்கார்ந்தாலும் சம்பளத்தில் பெரும்பகுதி வந்தது. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வந்த நாளுக்குத்தான் கூலி. கேண்டீனில் முதலில் கோழி போனது, பிறகு முட்டை, பிறகு பொரியல். எலுமிச்சைச் சோறும் ஊறுகாயும் மட்டும் மிஞ்சியது. சிக்கனம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவர் அன்று மத்தியானம் டப்பாவில் வெள்ளரிக்காய் நறுக்கிச் சாப்பிட்டதை நானே பார்த்தேன்.

பஞ்சம் வந்தால் எல்லோரும் இளைப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்பதை அந்தச் சனிக்கிழமைகளில் பார்த்தேன். மெஷின்காரன் ஒருவன் வேலையில்லாத நாளில் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்யப் போனான். மற்றவர்களுக்குப் பிரியாணி கொடுத்துவிட்டு ரோட்டோரம் டீயும் பன்னும் போண்டாவுமாக நாளை ஓட்டினான். மூன்று மாதத்தில் தொப்பை தள்ளிவிட்டது. நன்றாகத் தேறிவிட்டான் என்று நான் சொன்னேன். அக்கா அவன் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். "இது ஒடம்பு இல்ல நைனா. டீயும் பன்னும். வெரலு வெச்சா குழி உயுது பாரு" என்றாள். அவன் கையை உருவிக்கொண்டு போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை முதல் பலர் தராசுப் பக்கம் வரவில்லை.

நான் ஏறினேன். வீட்டில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்து, மனைவி சுட்டதையெல்லாம் தின்று எழுபத்தாறு ஆகியிருந்தேன். "எழுவத்தாறு. லே-ஆஃப் ஒனுக்கு நல்லா ஒத்துகிச்சி" என்றாள். குத்தலாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவள் மட்டும் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. ஐம்பத்திரண்டு. நாற்பத்தொன்பது. நாற்பத்தாறு. ஒவ்வொரு தடவையும் தராசைப் பார்ப்பதற்கு முன்பே எண்ணைச் சொன்னாள், சரியாகச் சொன்னாள். ஒருநாள் அவள் கணவன் அவளை அழைத்துப்போக கேட்டுக்கு வந்திருந்தான். முதுகில் அடிபட்டு லோடு வேலையை விட்டவன். நல்ல புஷ்டியாக இருந்தான். கூட வந்த இரண்டு பெண்களும் கொழுகொழுவென்று இருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் கேட்டேவிட்டேன்.

"அக்கா, ஊட்ல நாலு பேரு. மூணு பேரு எடை அப்பிடியே இருக்கு. நீ மட்டும் எப்பிடி எளைக்கிற?"

"ஆர்டரு எறங்கினா நா எளைப்பேன், அவ்ளோதான். அது எங்க ஊட்டு வயக்கம்."

"யாரு போட்ட வழக்கம்?"

"யாரு போடுவா? எங்கம்மா கயனில நாத்து நட்டப்பவும் இப்டித்தான். மய பொய்க்கும், அம்மா எளைக்கும், நைனா அப்டியே இருப்பாரு." பெட்டியைத் தூக்கினவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "உங்கூட்ல மட்டும் இன்னாவாம்? மொதல்ல யாரு துன்றா, கடசில யாரு துன்றா?"

அவள்மேலும் எனக்குக் கோபம் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். பொரியலை நாலு பங்கு போடத் தெரியாதா இவளுக்கு என்று. அன்று சாயங்காலம் திருமுல்லைவாயில் வீட்டுக்குப் போய், மனைவி எனக்குத் தட்டு வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது, நானும் வழக்கம்போல முதலில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அந்த மெலிந்த மாதங்களில் பிரஸ் செக்ஷனில் ஒரு சின்னப் பெண் மயங்கி விழுந்தாள். நல்லவேளையாக மெஷினில் கை போகவில்லை. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. இந்த ஒரு சம்பவத்திலிருந்து எங்கள் ஆபீஸ் ஒரு சட்டத்தைக் கண்டுபிடித்தது. லாரி விற்பனை மறுபடி எழுந்து ஆர்டர் வந்தபோது பழைய காண்ட்ராக்டரை மாற்றினார்கள். புதிய காண்ட்ராக்டரிடம் சேர வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் மெடிக்கலில் ஃபிட் என்று காகிதம் வாங்கவேண்டும். பெண்கள் நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையக்கூடாது. தொழிலாளர் பாதுகாப்புக்காகவாம். சாப்பிடாதவள் விழுந்துவிட்டாள், அதனால் சாப்பிடாதவர்களை உள்ளே விடாதே. சோற்றை எடுத்தவனும் அவன்தான், எடை எங்கே என்று கேட்டவனும் அவன்தான். எட்டு மாதம் பட்டினி போட்டுவிட்டு ஒன்பதாம் மாதம் தராசைக் கொண்டுவந்து வைக்கிறவனை என்ன வார்த்தையால் திட்டுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பழைய காண்ட்ராக்டின் கடைசி நாளில், ஷிப்ட் முடிந்ததும் கேண்டீன் ஹாலில் மெடிக்கல் என்று அறிவித்தார்கள். அன்று காலை டீ நேரத்தில் அக்கா என் மேசைக்கு வந்தாள். தராசில் ஏறினாள்.

"நாப்பத்து மூணு, எரநூறு" என்றாள். தராசும் அதையே காட்டியது.

"வாழைப்பழம் சாப்பிட்டுப் போக்கா. ஒரு சீப்பு தின்னு, தண்ணிய நல்லாக் குடி" என்றேன்.

"எல்லாம் பாத்துட்டேன். ஒரு சீப்பும் ஒரு பாட்லு தண்ணியும் துன்னுட்டுதான் ஏறிகீறேன். அதுக்கு மேல வவுறு வாங்கல." அவள் சிவப்புப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நைனா, ரெண்டு கிலோவுக்கு எத்தினி புஷ்ஷு?"

எனக்குப் புரிந்துவிட்டது. "அம்பது" என்றேன்.

"ரெண்டு கூடப் போடு. அவுங்க மெஷினு எப்டியோ."

நான்தான் சிவப்புப் பெட்டியிலிருந்து எடுத்தேன். கழிந்த புஷ், உருக்கப் போகிற சரக்கு. ஐம்பத்திரண்டை எண்ணித் தராசில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கிலோ எண்பது. மெஷின் துடைக்கிற பனியன் துணியில் இரண்டு பொட்டலமாகக் கட்டினோம். அவள் அவற்றைப் பாவாடை நாடாவில் இடுப்பின் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டாள், மேலே சேலை, அதன் மேலே ஓவர்கோட். சாயங்காலம் அவள் வந்து தராசில் ஏறினாள். நாற்பத்தைந்து முந்நூறு. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அதைப் போல ஒரு காரியத்தை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. மெடிக்கல் முடிந்ததும் பை எடுக்க எங்கள் மெஷின் ஹாலுக்கு வருவாள், அப்போது புஷ்ஷை மறுபடி பெட்டியில் போட்டுவிடலாம். பதினாலு வருடமாக ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் ஹாலுக்கு வந்துதான் பை எடுப்பார்கள்.

அன்று மட்டும் பைகளையெல்லாம் கேண்டீனுக்கே கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். பழைய காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது, இனி மெஷின் ஹாலுக்குள் யாருக்கும் வேலை இல்லை, மெடிக்கல் முடிந்தவர்கள் அப்படியே கேட்டுக்குப் போகவேண்டும் என்று உத்தரவு. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. டாக்டர் அவள் ஓவர்கோட்டைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. ஏறு, இறங்கு, அடுத்த ஆள். நாற்பத்தைந்து முந்நூறு, ஃபிட் என்று முத்திரை குத்திக் கையில் கொடுத்துவிட்டார்கள். கடைசி நாள் என்பதால் கேட்டில் சோதனை பலமாக இருந்தது. செக்யூரிட்டி அம்மா இரும்பைக் கண்டுபிடிக்கிற கருவியை அக்காவின் இடுப்புப் பக்கம் கொண்டுபோனாள். அது கத்தியது.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டிஸ்பாட்ச் கிளார்க் வந்து பொருளை அடையாளம் காட்டவேண்டுமாம். நான் போனபோது செக்யூரிட்டி அறையில் மேசைமேல் ஐம்பத்திரண்டு புஷ் பரப்பிக் கிடந்தது. பனியன் துணி பக்கத்தில். அக்கா சுவரோரம் நின்றாள். ஃபிட் காகிதம் இன்னும் அவள் கையில் இருந்தது. எச்.ஆர். ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எத்தனை அடி நடந்தோம் என்று சொல்லும் வாட்ச் ஒன்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருப்பார்.

"நம்ம பொருள்தானே?" என்றார் என்னிடம்.

"ஆமா சார்" என்றேன்.

"விக்கறதுக்கு எடுத்துக்கிட்டுப் போறீங்களாம்மா?" என்றார் அக்காவிடம்.

"இத்த வித்தா நாலு டீ வராது சார். இதுக்கா எடுப்பேன்? எட காட்டறதுக்குதான் கட்டிகினேன். ரெண்டு கிலோ கம்மியா இருந்திச்சி."

ஆபீசர் ஒரு கணம் முழித்தார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை, நல்ல நகைச்சுவையைக் கேட்ட சிரிப்பு. அதுதான் எனக்கு ஆறவில்லை.

"எடை கூடணும்னா சாப்பிடணும்மா. இரும்பைக் கட்டிக்கக் கூடாது."

"சாப்புடறதுக்குதான் சார் வேல கேக்கறேன்" என்றாள் அக்கா.

ஆபீசர் வாட்சைப் பார்த்துக்கொண்டார். "யாராவது எடுத்துக் குடுத்தாங்களா? உள்ள யாரு உதவி?"

என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் தலைக்குள் இருந்தது அது ஒன்றுதான், அதனால் சொல்கிறேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். சனிக்கிழமைகளில் பார்ப்பது மாதிரி மேலும் கீழும் ஒரு பார்வை. பிறகு ஆபீசர் பக்கம் திரும்பினாள்.

"யாரு உதவி பண்ணுவா சார்? பொட்டி தொறந்துதான கீது. நானே எட்த்தேன்."

போலீசுக்குப் போகவில்லை. அதைப் பெருந்தன்மை என்று சொன்னார்கள். ஒரு வெள்ளைத்தாளில் என்னை எழுதச் சொன்னார்கள். கம்பெனிக்குச் சொந்தமான ஐம்பத்திரண்டு புஷ் இன்னாரிடமிருந்து கைப்பற்றப்பட்டது, அவரே ஒப்புக்கொண்டார். பெயர், வயது, கணவன் பெயர், தெரு. சாட்சி என்று போட்டுக் கீழே என் கையெழுத்து. அவள் கையிலிருந்த ஃபிட் காகிதத்தை வாங்கி அதோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார்கள். அவளைச் சுவரோரம் நிற்கவைத்து செல்போனில் படம் எடுத்தார்கள். எஸ்டேட் காண்ட்ராக்டர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அன்றைக்கே அதில் போய்விட்டது. அதற்குப் பிறகு அம்பத்தூரில் ஒரு கம்பெனி கேட்டிலும் அவளை உள்ளே விடவில்லை. மேனாம்பேட்டு வீட்டையும் காலி செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேனா என்றால், இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்தேன், போகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் பார்த்தேன். படியில் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு தடித்த பொம்பளை, "நைனா" என்றாள். குரல்தான் அடையாளம் காட்டியது. முகம் உப்பி, கால் வீங்கி, கழுத்தே காணாமல் போயிருந்தது. ரவிக்கையில் பிரிப்பதற்குத் தையல் மிச்சமில்லை. பக்கவாட்டில் வேறு நிறத்தில் ஒரு துண்டுத் துணி வைத்து ஒட்டுப் போட்டிருந்தது.

"இன்னா அப்டி பாக்குற? எழுவத்தெட்டு" என்றாள். "ஃபிளாட்டுல நாலு ஊட்ல வேல. நாலு ஊட்டு மீந்த சோறும் எனுக்குத்தான். நேத்து பூரி, முந்தாநாளு நூடுல்ஸு. வேணாம்னு சொன்னா மூஞ்சி திருப்பிக்கிறாங்கோ. வேல பூட்டா? துன்னுடறேன். சக்கர மாத்ர, வீக்க மாத்ர எல்லாம் கீது." மூச்சு விட்டுக்கொண்டாள். "இப்ப வந்தா உங்க கம்பெனில பாஸாயிடுவேன் இல்ல?"

அந்தக் கம்பெனியில் இப்போது எடைக்கு மேல் வரம்பும் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, எட்டு வருடம் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கி நான் வாயத் தொறந்திருக்கணும். நான்தான எடுத்துக் குடுத்தேன்."

"தொறந்து? ரெண்டு ஊட்லயும் அடுப்பு நின்னுருக்கும். ஒரு ஊட்லயாவது எரியட்டும்னுதான் உட்டேன்." ரயில் வருகிற அறிவிப்பு கேட்டது. அவள் பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எரிஞ்சிச்சா?" என்று கேட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள். நான் பதில் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"எரிஞ்சிச்சி. தெரியிது" என்றாள்.

பெண்கள் பெட்டியை நோக்கி மெதுவாக நடந்து போனாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

லாரி நிழலிலிருந்து நான் திரும்பிப் போனபோது முகாமில் வரிசை தீர்ந்துவிட்டிருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் பயந்துபோய் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். மன்னிச்சுக்கம்மா என்றேன். செல்போன், சாவிக்கொத்து, பர்ஸ், சில்லறை, பேனா எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். இடுப்பு பெல்ட்டையும் கழற்றினேன், அவள் வேண்டாம் என்று சொல்லியும். ஏறுவதற்கு முன்னால் நானே எண்ணைச் சொன்னேன்.

"தொண்ணூத்து நாலு."

மெஷின் தொண்ணூற்று நாலு என்றது. என் பாக்கெட்டில் ஒன்றும் இல்லை.